தொட்டில் ஆர்க்கிட்டும் ராத்திரிக் குளிரும்: வாசகர் கேள்வி பதில்

மே மாத இதழில் என் வீட்டில் அங்குலோவா என்ற தொட்டில் ஆர்க்கிட் பூத்ததைப் பற்றி நாலு வரி எழுதினேன். எலுமிச்சை மஞ்சளில், மெழுகில் வார்த்தது போல ஒரு தண்டுக்கு ஒரு பூ. தொட்டால் உள்ளே ஒரு மடல் தொட்டில் போல ஆடும். மணம் வாசல் வரைக்கும் வரும். எழுதியது அவ்வளவுதான். மிளகுக் கொடி வாடுகிறது, ரோஜாவில் மாவுப்பூச்சி என்று வழக்கமாக வரும் கடிதங்கள் எல்லாம் இந்த மாதம் அடியில் போய்விட்டன. எல்லாருக்கும் அந்த மஞ்சள் பூதான் வேண்டுமாம். சரி, இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தாவரவியல் படித்தவள் இல்லை. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் 27 வருடம் தேயிலை நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள். நாற்று செத்தால் ஏன் செத்தது என்று பையைக் கிழித்து வேரைப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பழக்கம்தான்.

அக்கா, அது எந்த ஊர்ப் பூ? எங்கள் வட்டவடையில் பூண்டும் கேரட்டும் விளையும் குளிர் இருக்கிறது. அது போதுமா?
வாசகர், வட்டவடை

குளிர் போதும் தம்பி. ஆனால் குளிரை மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள்.

என்னிடம் இருப்பது அங்குலோவா கிளவேசியை. கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளின் ஆண்டீஸ் மலைக்காடுகளில், ஏறத்தாழ 1800 முதல் 2500 மீட்டர் உயரத்தில் வளர்வது. பெரும்பாலும் தரையில், இலைமக்கில் வேர்விட்டு நிற்கும். அங்குலோவா என்ற பெயரை 1794இல் ரூயிஸ், பவோன் என்ற இரண்டு ஸ்பானியத் தாவர ஆய்வாளர்கள், சுரங்கத் துறை அதிகாரியாக இருந்த பிரான்சிஸ்கோ தே அங்குலோவின் நினைவாக வைத்தார்கள். கிளவேசியை என்பது மான்செஸ்டர் பக்கம் ஆர்க்கிட் வளர்த்த பாதிரியார் ஜான் கிளவ்ஸின் பெயர். ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் 1844இல் வைத்தது. நம் எஸ்டேட் டிவிஷன்களுக்கு எல்லாம் துரைமார் பெயரும் துரைசானிமார் பெயரும் விழுந்த கதைதான் இதுவும்.

பேரனின் அட்லஸை விரித்து ஒருநாள் பார்த்தேன். வெனிசுவேலாவின் மலைப் பகுதியில் மெரிடா என்று ஒரு ஊர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரை டிகிரி, உயரம் சுமார் 1600 மீட்டர். நம் மூணாறு பத்து டிகிரி, உயரம் 1500க்குக் கொஞ்சம் மேலே. விரலை அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் கடல் தாண்டி நம் ஊருக்கே வந்துவிடுகிறது. பகல் எவ்வளவு நீளம், வெயில் எந்தச் சாய்வில் விழும் என்பதில் எல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. பகலில் 25 டிகிரியைத் தாண்டாமல், ராத்திரி 10க்கும் 14க்கும் இடையில் இறங்கினால் இந்தச் செடிக்குச் சந்தோஷம். அதுவும் நம்மிடம் இருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை? மழைதான். இந்தச் செடிக்கு வருடத்தில் இரண்டே காலம். புதுக்குருத்து விட்டு, இலை விரித்து, அடியில் குமிழைப் பருக்க வைக்கும் காலம் ஒன்று. அப்போது தண்ணீரும் உரமும் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். குமிழ் முற்றி, இலை பழுத்து உதிர்ந்து, தூங்கும் காலம் இன்னொன்று. அப்போது தண்ணீர் காட்டினால் அழுகும். நம் ஊரில் தை, மாசி, பங்குனி காய்கிறதே, அந்தத் தூக்கத்துக்கு அது கச்சிதம். சித்திரையில் குருத்து முளைக்கும்போதே குமிழின் அடியில் மொட்டும் வரும். பூத்து முடிவதற்குள் எடவப்பாதி, அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, வந்து இறங்கும். இங்கேதான் சிக்கல்; அதைக் கீழே சூரியநெல்லிக் கடிதத்தில் சொல்கிறேன்.

வட்டவடைக்கு வேறு கணக்கு. மேற்கிலிருந்து வரும் மழையை மலை மறித்துவிடுவதால் ஆனி, ஆடியில் எங்களைப் போல நீங்கள் நனைவதில்லை. அது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை உங்களை விடாது. சரியாகக் குமிழ் முற்றுகிற நேரத்தில் அது கொட்டும். ஐப்பசி பிறந்ததும் செடியைக் கூரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம் காற்று. அந்த இலை ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு அடி நீளம் வரும், காகிதம் மாதிரி மெல்லிசு. உங்கள் ஊர்க் காற்றில் ஒரே நாளில் நாராகிவிடும். காற்று வரும் பக்கத்தில் வலை கட்டுங்கள். மார்கழி, தை ராத்திரிகளில் புல்லில் உறைபனி பூத்தால் தொட்டியை வீட்டுக்குள் எடுங்கள். குளிர் பிடிக்கும் என்றால் ஐஸ் பிடிக்கும் என்று அர்த்தமில்லை.

விலை எவ்வளவு ஆனாலும் வாங்கத் தயார். மொட்டை மாடியில் பச்சை வலை கட்டி, பக்கத்தில் ஒரு ஏர் கூலர் வைத்தால் கம்பத்தில் வளருமா அக்கா?
வாசகி, கம்பம்

வேண்டாம்மா. பணத்தைத் திராட்சைத் தோட்டத்தில் போடுங்கள்.

ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். போடியிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறினவர்களுக்கு இது தெரியும்: அடிவாரத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு வருபவர், போடிமெட்டில் டீ குடிக்க இறங்கும்போது பையில் துண்டைத் தேடுவார். உங்கள் கம்பம் 400 மீட்டர் உயரம். என் தொட்டி இருக்கும் இடம் 1700. எட்டு டிகிரி வித்தியாசம்.

அதிலும் பகல் வெயிலைக்கூட வலை கட்டி, தண்ணீர் தெளித்துச் சமாளிக்கலாம். ராத்திரியைச் சமாளிக்க முடியாது. செடி பகலில் வெளிச்சத்தில் சர்க்கரை சம்பாதிக்கிறது. ராத்திரி மூச்சுவிடுவதற்கு அதிலிருந்துதான் செலவழிக்கிறது. குளிர்ந்த ராத்திரியில் செலவு குறைவு, மிச்சம் குமிழுக்குப் போகும். புழுக்கமான ராத்திரியில் அன்றன்றைய சம்பாத்தியம் அன்றன்றே தீர்ந்துவிடும். மலைச்செடி கீழே போனால் உடனே சாகாது. முதல் வருடம் பச்சையாகத்தான் இருக்கும், நீங்களும் எனக்குப் போட்டோ அனுப்புவீர்கள். அடுத்த வருடக் குமிழ் முந்தையதைவிடச் சின்னதாக வரும். அதற்கடுத்தது நெல்லிக்காய் அளவு. அப்புறம் இல்லை. கடன் வாங்கிக் கடையை நடத்துகிறவர் கதைதான்.

கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. காற்று காய்ந்திருந்தால் உதவும். மழைக்காலப் புழுக்கத்தில் வெறும் விசிறிதான். ஏ.சி. அறையில் வைத்தால் காற்று காய்ந்து இலை நுனி கருகும்.

மணம்தான் வேண்டும் என்றால் உங்கள் வெயிலுக்கு என்றே பிறந்தவை இருக்கின்றன. பிரசவோலா நோடோசா என்று மத்திய அமெரிக்கக் கடலோரத்துச் செடி ஒன்று. பென்சில் கனத்தில் இலை, வெள்ளைப் பூ, பகல் முழுக்க ஊமையாக இருந்துவிட்டு இருட்டியதும் மணக்கும். நம் நாட்டுச் செடியே வேண்டுமென்றால் வாண்டா டெசலேட்டா. வெயில் காயும் சமவெளி மரங்களிலேயே வளர்வது, நல்ல வாசம். இரண்டையும் வளர்ப்பவர்களிடம் வாங்குங்கள். காட்டு மரத்தில் இருப்பதை உரித்து எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டாதீர்கள்.

ஏலக்காட்டு நிழலில் வைத்திருந்தேன். நன்றாக வந்த புதுக்குருத்தின் நடு இலை கறுத்துவிட்டது. இழுத்தால் கையோடு வருகிறது. அடியில் நாற்றம். ஏலத்துக்கு அடிக்கும் மருந்தையே அடிக்கலாமா?
வாசகர், சூரியநெல்லி

இதே கையால் நானும் ஒரு குருத்தை உருவி எடுத்திருக்கிறேன், 2016 ஜூனில். கோத்தகிரிப் பக்கம் இருக்கும் ஒரு தோழி 2014இல் எனக்கு இரண்டு பழைய குமிழ் கொடுத்தாள். ஒன்று வருவதற்குள் காய்ந்துபோனது. மிச்சம் இருந்த ஒன்றை இரண்டு வருடம் பிள்ளை மாதிரிப் பார்த்து, கட்டைவிரல் கனத்தில் ஒரு குருத்து வந்தது. மழை வந்தால் செடிக்கு நல்லதுதானே என்று முற்றத்தில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு நாள். திரும்பி வந்தபோது வெளி இலைகள் பச்சையாக, ஜோராக இருந்தன. நடு இலை மட்டும் டீத்தண்ணீர் நிறத்தில். லேசாகத் தொட்டேன், வழுவழுவென்று கையோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன், அழுகின முட்டைக்கோஸ்.

காரணம் அந்த இலையின் அமைப்பிலேயே இருக்கிறது. குருத்து வரும்போது இலை சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, மேலே வாய் திறந்த புனலாக நிற்கும். அதில் விழும் தண்ணீர் நேரே வளர்நுனிக்குப் போய்த் தேங்கும். வெயில் அடித்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். நம் ஊரில் ஜூனில் வெயிலை எங்கே பார்க்கிறோம்? மூன்று வாரம் விடாமல் தூறினால் புனல் மூன்று வாரமும் நிரம்பியே இருக்கும். ஏலக்காட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்றால் மரத்திலிருந்து சொட்டுவது வேறு.

மருந்து இரண்டாம் பட்சம். முதலில் பிளேடை நெருப்பில் காட்டிவிட்டு, அந்தக் குருத்தைக் கீழே வெள்ளைச் சதை தெரியும் வரைக்கும் வெட்டுங்கள். பழுப்புக் கோடு கொஞ்சம் தெரிந்தாலும் இன்னும் கீழே. மனசு வராது, வெட்டுங்கள். வெட்டின வாயில் சமையல் பட்டைத் தூளை வையுங்கள். வேரில் படவேண்டாம், வேரைக் காய வைத்துவிடும். ஒரு வாரம் தண்ணீர் கிடையாது, காற்றோட்டமான இடத்தில் கூரைக்கு அடியில். ஏலத்துக்கு அழுகல் வரும்போது அடிக்கும் போர்டோ கலவையை இந்த இளம் இலையில் அடிக்கவே வேண்டாம். தாமிரம் சேர்ந்த மருந்து இளங்குருத்தைச் சுட்டுவிடும். அழுகின குருத்து போனால் போகட்டும். பழைய குமிழின் அடியில் மறுபக்கம் இன்னொரு கண் தூங்கிக்கொண்டிருக்கும். என் செடியில் அது செப்டம்பரில் விழித்தது. பூ பார்க்க மட்டும் 2019 வரை காத்திருந்தேன்.

இனிமேலுக்கு: மேலே யு.வி. ஷீட் (வெயில் தாங்கும் பிளாஸ்டிக் விரிப்பு), பக்கங்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், ஷீட்டுக்கு மேல் ஐம்பது சதவீத நிழல்வலை. தண்ணீரைக் குவளையால் தொட்டி ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். பூவாளி வேண்டாம், ஹோஸ் பைப் வேண்டவே வேண்டாம். இலை முழுக்க விரிந்து மடிப்பு பிரிந்துவிட்டால் அப்புறம் இவ்வளவு பயம் இல்லை. இந்த இதழ் கைக்கு வரும்போது எடவப்பாதி தொடங்கியிருக்கும். மற்றக் கேள்விகளை அப்புறம் படிக்கலாம், முதலில் போய்த் தொட்டியைக் கூரைக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

வடிகட்டிய டீத்தூள் எங்கள் லயத்தில் கூடை கூடையாகக் கிடைக்கும். அதைத் தொட்டியில் நிரப்பலாமா?
வாசகி, வால்பாறை

கூடாது. ரோஜாவுக்கு மக்க வைத்துப் போடுங்கள், கோடி புண்ணியம். ஆர்க்கிட் தொட்டியில் போட்டால் பத்து நாளில் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வேருக்குக் காற்றே போகாது. நான் வைப்பது: விரல் நுனி அளவு தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, உடைத்த ஓட்டுத் துண்டு ஒரு பங்கு. மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். மூன்று நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, கடைசித் தண்ணீர் தெளிவாக வந்த பிறகே உபயோகிக்கவேண்டும். சோம்பேறித்தனத்தில் இதை விட்டுவிட்டால் இலை நுனி கறுத்துச் சாட்சி சொல்லும். மரப்பெரணித் தண்டை வெட்டி வந்து உபயோகிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; ஆளுயரம் வளர எத்தனை வருடம் எடுக்கும் மரம் அது, விட்டுவிடுங்கள்.

உரம், குருத்து அரையடி வந்ததிலிருந்து குமிழ் முற்றும் வரை வாரம் ஒருதடவை, 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) லிட்டருக்கு ஒரு கிராம். மாதம் ஒருநாள் வெறும் மழைத் தண்ணீரை நிறைய ஊற்றித் தொட்டியைக் கழுவிவிடுங்கள்.

ஆன்லைனில் 'மஞ்சள் டியூலிப் ஆர்க்கிட்' என்று வாங்கினேன், 850 ரூபாய். குமுளியில் நன்றாக வளர்ந்து பூத்தும் விட்டது! ஒரே தண்டில் ஏழெட்டுப் பூ. மணம் இல்லை. ஏன்? கூடவே விதைப் பாக்கெட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.
வாசகி, குமுளி

ஏன் என்றால் அது அங்குலோவா இல்லை. ஸ்பாத்தோகிளாட்டிஸ். ரிசார்ட் வாசலில் எல்லாம் வரிசையாக நட்டிருப்பார்களே, அதேதான். இலை கிட்டத்தட்ட ஒரே மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், அதனால் பூக்கும் வரை கண்டுபிடிப்பது கஷ்டம். குமிழைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஸ்பாத்தோகிளாட்டிஸுக்குச் சின்ன வெங்காயம் மாதிரி, மண்ணோடு மண்ணாக இருக்கும். அங்குலோவாவின் குமிழ் தொட்டிக்கு மேலே, கோழிமுட்டையைவிடப் பெரிதாக, பக்கவாட்டில் கொஞ்சம் தட்டையாக, பச்சையாக எழுந்து நிற்கும். பூவும் தண்டுக்கு ஒன்றே ஒன்று, இலையைவிடக் குட்டையாக.

எனக்கும் ஒரு விற்பனையாளர் இதே வேலையைச் செய்தார். பெயர் வேண்டாம். திட்டிவிட்டு நட்டு வைத்தேன்; இன்றைக்கும் வாசலில் வருடம் முழுக்கப் பூக்கிறது. கோபித்துக்கொண்டு தூக்கி எறியாதீர்கள், பாவம், அது என்ன செய்யும்?

விதைப் பாக்கெட்டை மட்டும் எறிந்துவிடலாம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். உள்ளே சேமித்து வைத்த உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சையின் துணையோடு முளைக்கும். இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் சர்க்கரைக் கூழில் முளைக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன் 1922இல் காட்டிக்கொடுத்த வழி. கடுகு மாதிரி உருண்டையாக விதை வந்திருந்தால் அது கடுகாகவே இருக்கலாம், தாளித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் சூட்கேஸில் கொண்டுவருவார் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எந்த ஆர்க்கிட்டும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. செடியாகக் கொண்டுவர அதற்கான அனுமதிச் சீட்டு, நோயில்லை என்ற தாவர நலச் சான்று, நம் நாட்டு இறக்குமதி அனுமதி எல்லாம் வேண்டும். விமான நிலையத்தில் பிடுங்கி எரித்தால் செடிக்கும் நஷ்டம், மானத்துக்கும் நஷ்டம்.

மணம் மணம் என்கிறீர்களே, என்ன மணம் என்று சொல்லவில்லையே சேச்சி! தலைவலி வருமா? இவ்வளவு மணம் இருந்தும் காய் பிடிக்குமா?
வாசகர், கூடலூர்

ஊட்டியிலிருந்து வருகிறவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலம் இருக்கிறதே, முழங்காலுக்குத் தேய்ப்பது, அதன் மூடியை ஒருதரம் திறந்து மூடினால் அறையில் நிற்கும் வாசம். அதோடு கொஞ்சம் புதினா, கொஞ்சம் சாக்லேட். என் வீட்டுக்காரர் "யாருக்குக் கால் வலி?" என்றுதான் முதலில் கேட்டார். தலைவலி எனக்கு வந்ததில்லை. தாழம்பூ வைத்தால் தலை வலிக்கும் என்பவர்கள் தொட்டியைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரை, ஒன்பது மணிக்கு வெளிச்சம் ஏறியதும் வாசம் கிளம்பும், சாயந்தரத்துக்குள் அடங்கிவிடும். அது ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மல்லிகை மாதிரி ராத்திரிப் பூச்சிக்காக மணக்கிற பூ இல்லை இது. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ஆர்க்கிட் தேனீக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அதில் ஆண் தேனீ தேனுக்காக இந்தப் பூவுக்கு வருவதில்லை. தருவதற்குப் பூவில் தேனும் இல்லை. வாசனைக்காகவே வருகிறது. முன்கால் மயிரால் வாசனையை வழித்து எடுத்து, பின்னங்காலில் இருக்கும் பைக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது, பெண் தேனீயைக் கவர. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, அத்தர் பூசிக்கொண்டு போகிறது.

அந்தத் தொட்டிலின் வேலையும் அங்கேதான். பூவைக் கையில் ஏந்தி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். இதழ்கள் முழுக்க விரியாது, பாதி விரிந்த தாமரை மொட்டு மாதிரி குவிந்தே இருக்கும். நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு மடல், கீழே ஒரே ஒரு மெல்லிய கீல் போன்ற இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம் ஆடும், நேராக்கினால் திரும்பி வந்து நிற்கும். வாசனை வழிக்க வந்த தேனீ அதில் ஏறினதும் தராசுத் தட்டு மாதிரி சாய்ந்து, தேனீயைத் தூக்கி நடுத்தண்டின் மேல் மோதவிடும். மகரந்தக் கட்டி அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். என் பேரன் ஒரு பூவை ஐம்பது தடவை ஆட்டி, மூன்று வாரம் நிற்க வேண்டியதை நாலே நாளில் வாட வைத்தான். பூவுக்குத் தேனீயின் கனம் தெரியும், பேரனின் கனம் தெரியாது.

நம் மலைத்தேனீயும் கொசுத்தேனீயும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன, அவற்றுக்கு இந்த அத்தர் எதற்கு? அதனால் இங்கே தானாகக் காய் பிடிக்காது. தீக்குச்சியால் மகரந்தக் கட்டியை எடுத்து நாமே வைத்தால் பிடிக்கலாம். ஆனால் காயை வளர்ப்பதில் செடியின் பலமெல்லாம் போய்விடும். ஒற்றைச் செடி வைத்திருப்பவர்கள் அந்த ஆசைக்குப் போகாதீர்கள்.

கார்த்திகையில் ஆரம்பித்து இலை எல்லாம் உதிர்ந்து மொட்டைக் குமிழாக நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் செத்துவிட்டது என்கிறார். குமிழில் சுருக்கமும் விழுந்திருக்கிறது. மே மாதம் ஆகியும் முளை இல்லை.
வாசகி, காந்தல்லூர்

குமிழை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, பச்சை நிறம் மாறாமல் இருந்தால் உயிர் இருக்கிறது. பிசுபிசுவென்று அமுங்கினால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி. லேசான சுருக்கம், அதாவது வெயிலில் ஒருநாள் கிடந்த மாங்காய் மாதிரி, தூக்கக் காலத்தில் இருக்கவேண்டியதுதான். உலர்ந்த திராட்சை மாதிரி ஆகிவிட்டிருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருதரம் ஒரு டம்ளர் தண்ணீர் ஓரமாக விட்டிருக்கவேண்டும். அடுத்த வருடம் அப்படிச் செய்யுங்கள்.

முளை தாமதமானால் தண்ணீரைக் கொட்டி எழுப்பப் பார்க்காதீர்கள். குருத்து ஒரு விரல் நீளம் வந்து அதன் அடியில் வெள்ளை வேர் தலைகாட்டும்போதுதான் தொட்டி மாற்றுவதும், தண்ணீரைக் கூட்டுவதும். அதற்கு முன்னால் ஊற்றுவதைக் குடிக்க வேரே இல்லை.

இலை பழுக்கும்போது அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? மாசியில் ரோட்டோரத் தேயிலையில் செங்கல் நிறமாக ரெட் ஸ்பைடர் என்ற சிலந்திப்பேன் ஏறுமே, தூசியும் வறட்சியும் சேர்ந்தால் இந்த இலையிலும் ஏறும். உங்கள் பக்கம் காற்று ரொம்பவே காயும். சீக்கிரமே இலை உதிர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஈரத்துணியால் இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருதடவை துடைத்தாலே பாதி போய்விடும்.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது அக்கா. ஒரு குமிழ் கிடைக்குமா?
வாசகர், பீர்மேடு

கூச்சம் எதற்கு? எனக்கும் இப்படிக் கேட்டுத்தான் கிடைத்தது. ஆனால் ஒற்றைக் குமிழாகக் கொடுக்க மாட்டேன். ஒவ்வொன்றாகப் பிரித்தால் பூக்க நாலைந்து வருடம் ஆகும், அதற்குள் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். மூன்று குமிழ் சேர்ந்த துண்டாகத்தான் பிரிப்பேன். இப்போது என்னிடம் மொத்தம் எட்டு. இரண்டு வருடம் கழித்துத் தொட்டி மாற்றும்போது ஒரு துண்டு வரும், அதைக் கோத்தகிரித் தோழிக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் செடி போன மழையில் அழுகிவிட்டது; எனக்குப் பாடம் சொன்னவளே முற்றத்தில் வைத்துவிட்டாள். அடுத்த துண்டுக்கு உங்கள் பெயரை எழுதிக்கொண்டேன். அதற்குள் கூரை போட்டு, ஷீட்டும் வலையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள்.